கவுன்சலிங்கில் உண்மையில் என்னதான் செய்வார்கள்? ஒருமுறை போய் மனம் நொந்து திரும்பினோம்

திருப்பூர்க்காரன் எழுதியது:

வணக்கம். இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 38 வயது. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். மனைவிக்கு 34, தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர், பிறந்த ஊர் கரூர் பக்கம். கல்யாணமாகி 9 வருடம். பையன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். கீழ் வீட்டில் அப்பா அம்மா, மாடியில் நாங்கள். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை, ஒருநாளும் கை நீட்டியதில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் எங்களுக்கு என்ன குறை என்றுதான் கேட்பார்கள்.

போன ஜூன் மாதம் நடந்ததைச் சொல்கிறேன். மாமனாருக்குக் கண்புரை ஆபரேஷன். என் மனைவி தன் சேமிப்பிலிருந்து 40,000 ரூபாய் அனுப்பினாள், என்னிடம் சொல்லிவிட்டுத்தான் அனுப்பினாள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. இரண்டு நாள் கழித்து அம்மாவிடம் வேறு ஏதோ பேசும்போது இது வாயில் வந்துவிட்டது. மறுநாள் காலையில் அம்மா அரசாணிக்காய் நறுக்கிக்கொண்டே, "பொறந்த ஊட்டுக்கு அனுப்பறதுக்கெல்லாம் காசு இருக்குது" என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். சாயங்காலம் நான் வந்து ஷூ கழற்றுவதற்குள், "மாமா, அத்தைகிட்ட எதுக்குச் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டாள். மூன்றாவது தடவை சத்தமாகக் கேட்டாள். நான் மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணித் தொட்டி பக்கத்தில் ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஐந்து நாள் வீட்டில் "சாவி எங்கே", "பையனுக்கு ஃபீஸ் கட்டியாச்சா" என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

எங்கள் சண்டை எல்லாமே இப்படித்தான். விஷயம் மாறும், நடக்கிற விதம் மாறாது. அவள் கேட்பாள், நான் வாய் மூடிக்கொள்வேன், அவள் சத்தம் கூடும், நான் எழுந்து போய்விடுவேன். "நீங்க பேசாம இருக்கறது என்னை அறையற மாதிரி இருக்குது" என்று ஒருமுறை சொன்னாள். சத்தியமாகச் சொல்கிறேன், அவளைத் தண்டிக்க நான் பேசாமல் இருப்பதில்லை. அந்த நேரத்தில் எனக்கு வார்த்தையே வருவதில்லை. காது சூடாகிறது, அவள் பேசுவது தூரத்தில் யாரோ பேசுவது போலக் கேட்கிறது.

அவள் வற்புறுத்தி, கோயம்புத்தூரில் ஒரு கவுன்சலரிடம் போனோம். 45 நிமிடம், 1,200 ரூபாய். இரண்டு பேர் சொன்னதையும் கேட்டுவிட்டு, "குடும்பம்னா கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போகணும்மா" என்று அவளிடம் சொன்னார். என்னிடம், வாரம் ஒருமுறை மனைவியை வெளியே கூட்டிப்போகச் சொன்னார். திரும்பும்போது அவிநாசி வரும்வரை அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். என் பக்கம்தான் தீர்ப்பு வந்தது, ஆனாலும் எனக்குச் சந்தோஷமாக இல்லை.

இப்போது வேறு ஒருவரிடம் போகலாம் என்கிறாள். "நீங்க வரலைன்னா நான் மட்டும் போறேன்" என்கிறாள். எனக்குப் போக மனமில்லாமல் இல்லை. ஆனால் ஒரு வழிமுறை என்று இருந்தால்தான் எனக்கு ஒரு காரியத்தில் கால் வைக்க முடியும். எங்கள் தொழிலில் துணி சுருங்கினால், துவைத்து அளந்து பார்த்து எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடுவோம். நீளத்திலா அகலத்திலா என்று தெரியும், காம்பாக்டிங்கில், அதாவது துணியை மெஷினில் அழுத்தி நெருக்கும் வேலையில், எவ்வளவு சரி செய்யலாம் என்றும் தெரியும். இந்தக் கவுன்சலிங்குக்கு அப்படி ஒரு முறை உண்டா? இல்லை, யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவருக்குத் தோன்றுவதைச் சொல்வதுதானா? போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


வைகைக்கரை எழுதியது:

தம்பி, உங்கள் பதிவைப் படித்ததும் என் வீட்டுக்காரர்தான் வேறு பெயரில் எழுதிவிட்டாரோ என்று நினைத்தேன். எங்களுக்கு மொட்டை மாடி கிடையாது, அவர் டி.வி.எஸ்.ஸை எடுத்துக்கொண்டு தெப்பக்குளம் போய்விடுவார். நான் மதுரை. கல்யாணமாகி 19 வருடம். மூன்று வருடத்துக்கு முன்னால் 14 தடவை போய் உட்கார்ந்திருக்கிறோம். அதனால் தைரியமாகச் சொல்கிறேன், முறை இருக்கிறது. உங்களுக்கு நடந்தது கவுன்சலிங் இல்லை, பஞ்சாயத்து.

எங்களுக்குக் கிடைத்தவர் முதல் நாளே, "நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், யார் சரி என்று கேட்காதீர்கள்" என்றார். எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. நான் 16 வருடத்து வழக்கை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அதைக் கையில் வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "கடைசியாக நடந்த ஒரே ஒரு சண்டையைச் சொல்லுங்கள்" என்றார்.

அந்த ஒரு சண்டையை மூன்று வாரம் பேசினோம். மெதுவாக, மிக மெதுவாக. "அவர் முகத்தைத் திருப்பினார் என்றீர்களே, அந்த நொடியில் உங்களுக்குள் என்ன நடந்தது?" என்பார். கோபம் வந்தது என்பேன். "கோபத்துக்கு ஒரு நொடி முன்னால்?" என்பார். நாலாவது தடவை இப்படிக் கேட்டபோது நான் அழுதுவிட்டேன். கோபத்துக்கு முன்னால் இருந்தது பயம், தம்பி. இந்த மனுஷனுக்கு நான் தேவையே இல்லையோ என்கிற பயம். அதைச் சொல்லத் தெரியாமல்தான் சத்தம் போட்டிருக்கிறேன். அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டார். அவர் வெகுநேரம் சும்மா இருந்துவிட்டு, "என்ன சொன்னாலும் தப்பாயிரும்னு இருக்கும், அதனால வாயைத் தெறக்க மாட்டேன்" என்றார். 16 வருடத்தில் அதை நான் கேட்டதே இல்லை. அவர் என்னை மதிக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரோ என்னிடம் தோற்றுக்கொண்டே இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்த முறைக்கு ஈ.எஃப்.டி. என்று பெயர், உணர்ச்சியை மையமாக வைத்த சிகிச்சை. கனடாவில் சூ ஜான்சன் என்பவரும் லெஸ்லி கிரீன்பெர்க் என்பவரும் 1980களில் உருவாக்கியது. சூ ஜான்சன் 2024இல் காலமானார். இங்கிலாந்தில் அவருடைய அப்பா நடத்திய மதுக்கடையில், மனிதர்கள் சண்டை போடுவதையும் சமாதானம் ஆவதையும் பார்த்தே வளர்ந்தவர். ஒருவர் துரத்த, இன்னொருவர் ஒதுங்க, ஒதுங்குவதைப் பார்த்து முதலாமவர் இன்னும் துரத்த என்று சுற்றும் அந்த வட்டம்தான் எதிரி, இரண்டு பேரில் யாரும் எதிரி இல்லை என்பது இதன் அடிப்படை.

அந்த வட்டத்துக்கு ஒரு பெயர் வைக்கச் சொன்னார் எங்கள் கவுன்சலர். சித்திரைப் பொருட்காட்சி நினைவில் "ராட்டினம்" என்று வைத்தோம். இப்போதும் சமையலறையில் என் குரல் ஏறினால் அவர், "ராட்டினம் கிளம்புது" என்பார். சில நாள் அதிலேயே நின்றுவிடும். சில நாள் நிற்காது.

கவுன்சலர் இன்னொன்றும் செய்யச் சொன்னார். ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லி, "சரியாகப் புரிந்துகொண்டேனா, இன்னும் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். பதில் சொல்லக் கூடாது, நியாயம் பேசக் கூடாது. முதல் இரண்டு வாரம் கிளிப்பிள்ளை மாதிரி இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் எரிச்சல்பட்டார். ஆனால் அந்த "இன்னும் ஏதாவது இருக்கிறதா" இருக்கிறதே, அதை என்னிடம் யாருமே கேட்டதில்லை. என் அம்மாகூடக் கேட்டதில்லை.

உங்கள் மனைவி தனியாகவாவது போகிறேன் என்கிறாரே, அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னும் துரத்துகிறார் என்றால் இன்னும் நம்புகிறார் என்று அர்த்தம். நான் ஒரு கட்டத்தில் துரத்துவதையே விட்டுவிட்டேன். வீடு அமைதியாகிவிட்டது என்று அவர் நிம்மதியாக இருந்தார். எங்கள் குடும்பத்தில் நிஜமாகவே ஆபத்தான காலம் அதுதான்.


கேட்கும்காது எழுதியது:

நான் மனநலச் சமூகப்பணியாளர், சென்னையில் 11 வருடமாகத் தம்பதிகளோடு வேலை செய்கிறேன். வைகைக்கரை அக்கா உள்ளிருந்து அனுபவித்ததை எழுதிவிட்டார். திருப்பூர் சார் முறையைக் கேட்டிருக்கிறார், அந்தப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

உங்கள் காது சூடாவதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அதுவும் அளந்து பார்க்கப்பட்ட விஷயம்தான். அமெரிக்காவில் ஜான் காட்மேன், ராபர்ட் லெவென்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1970களிலிருந்தே தம்பதிகளை ஆய்வுக்கூடத்தில் உட்காரவைத்து, அவர்கள் வாக்குவாதம் செய்யும்போது நாடித்துடிப்பு, வியர்வை எல்லாவற்றையும் பதிவு செய்தார்கள். 1986இல் சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு சின்ன வீடு போலவே ஆய்வுக்கூடம் அமைத்தார் காட்மேன். துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் எதிரில் இருப்பவர் சொல்வது மண்டையில் ஏறாது என்பது அவர்கள் கண்டது. உடம்பு அந்த இடத்தை ஆபத்து என்று எடுத்துக்கொண்டுவிடுகிறது. வெளியே பார்த்தால் கல் மாதிரி உட்கார்ந்திருப்பார், உள்ளே ஓட்டப்பந்தயம் நடக்கும். காட்மேனின் ஆய்வுகளில் இப்படிச் சுவராகிவிடுகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன உத்தி. கால்மணி நேரம் வாக்குவாதம் நடந்ததும், கருவியைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லி நிறுத்தினார்கள். சண்டையைப் பற்றிப் பேசாமல் அரை மணி நேரம் பத்திரிகை படிக்கச் சொன்னார்கள். மறுபடி ஆரம்பித்தபோது துடிப்பு இறங்கியிருந்தது, அதே விஷயத்தை அதே இருவரும் வேறு மாதிரிப் பேசினார்கள். அதனால்தான் நாங்கள் இடைவெளி எடுக்கச் சொல்கிறோம். குறைந்தது 20 நிமிடம்.

இங்கேதான் உங்கள் தண்ணித் தொட்டி வருகிறது. நீங்கள் எடுப்பதும் இடைவெளிதான், ஆனால் இரண்டு குறை இருக்கிறது. திரும்பி வரும் நேரத்தைச் சொல்லாமல் போகிறீர்கள். போன இடத்தில் அதையே அரைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அதனால் துடிப்பு இறங்குவதே இல்லை. "எனக்கு இப்ப முடியலை, ஒன்பதரைக்கு வந்து பேசறேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். அங்கே பாட்டுக் கேளுங்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், சண்டையை மட்டும் யோசிக்க வேண்டாம். ஒன்பதரைக்கு நீங்களே இறங்கி வந்து நீங்களே பேச்சை எடுக்க வேண்டும். இந்தக் கடைசி வரி மிகமிக முக்கியம். ஒருமுறை தவறினாலும் அடுத்த தடவை உங்கள் மனைவி நம்ப மாட்டார்.

அவருடைய பக்கத்திலும் வேலை இருக்கிறது. பேச்சு எப்படி ஆரம்பிக்கிறதோ பெரும்பாலும் அப்படித்தான் முடியும். "எதுக்குச் சொன்னீங்க" என்பது கேள்வி மாதிரி இருந்தாலும் உங்கள் காதில் குற்றச்சாட்டாகத்தான் விழும். "அத்தை அப்படிச் சொன்னதும் எனக்கு அவமானமா இருந்துச்சு" என்று ஆரம்பித்தால் நீங்கள் ஓட வேண்டிய அவசியம் குறையும். ஆனால் இதை நீங்கள் போய் அவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். அது கவுன்சலர் அவரிடம் செய்ய வேண்டிய வேலை.

அப்புறம், எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தம்பதிகள் சண்டை போடும் விஷயங்களில் 69 சதவீதம் தீராதவை என்று காட்மேன் எழுதுகிறார். நன்றாக வாழும் தம்பதிகளுக்கும் அவை தீருவதில்லை, அதைப் பற்றிப் பேசும் விதம் மட்டும் மாறியிருக்கும். ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன், நீல் ஜேக்கப்சன் என்ற உளவியலாளர்கள் உருவாக்கிய தம்பதி சிகிச்சை முறையில் பாதி வேலையே ஏற்றுக்கொள்வது பற்றியதுதான். அவர்கள் 134 தம்பதிகளை வைத்து இந்த முறையையும் அதற்கு முந்தைய பழைய முறையையும் ஒப்பிட்டார்கள். எல்லாரும் கடுமையான சிக்கலில் இருந்தவர்கள். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது ஏறத்தாழப் பாதிப் பேர் தெளிவாக முன்னேறியிருந்தார்கள், ஏறத்தாழ கால்வாசிப் பேர் பிரிந்திருந்தார்கள். அளவு கேட்டீர்களே, உண்மையான அளவு இதுதான். எனக்கு இது நம்பிக்கை தரும் எண்ணாகத்தான் தெரிகிறது, ஏனென்றால் எந்த நிலையில் வருகிறார்கள் என்று தினமும் பார்க்கிறேன்.

இப்போது உங்கள் அம்மா. மரி போவன் என்ற மனநல மருத்துவர் முக்கோணம் என்று ஒன்றைச் சொன்னார். இரண்டு பேருக்கிடையே இறுக்கம் வந்தால், மூன்றாவது ஒருவரிடம் கொஞ்சம் இறக்கிவைப்போம். பாரம் குறையும், ஆனால் இரண்டு பேருக்கிடையே இருந்த விஷயம் அப்படியே இருக்கும். நம் வீடுகளில் அந்த மூன்றாவது ஆள் பெரும்பாலும் அம்மாதான், இப்போது பல வீடுகளில் அக்கா தங்கையின் வாட்ஸ்அப். இதைச் சொன்னாலே, "என் அம்மாவைக் குறை சொல்கிறார்கள்" என்று ஆண்கள் விறைத்துக்கொள்வார்கள். உங்கள் அம்மா கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. உங்கள் மனைவி கேட்டது பணத்தைப் பற்றி என்று நான் நினைக்கவில்லை, மாடி வீட்டுக்குக் கதவு இருக்கிறதா என்று கேட்கிறார். அந்தக் கதவைச் சாத்த வேண்டியது அவர் இல்லை, நீங்கள். மருமகள் சாத்தினால் அது சண்டை. மகன் மரியாதையாக, "அம்மா, அது எங்களுக்குள்ள இருக்கட்டும்" என்றால் முதல் தடவை வருத்தப்படுவார், மூன்றாவது தடவை பழகிவிடும்.

தனிக்குடித்தனம் போனால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். நான் பார்த்தவரை முக்கோணம் போன் வழியாகவும் நடக்கும்.

எப்படிப்பட்டவரைத் தேடுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் இருவரையும் சேர்த்து ஒருமுறை, அப்புறம் ஒவ்வொருவரையும் தனியாக ஒருமுறை பார்ப்பவரா என்று கேளுங்கள். நான் தனியாகப் பார்ப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், வீட்டில் அடி உதை உண்டா, மிரட்டல் உண்டா என்று கேட்பதற்கு. அது இருக்கும் வீட்டில் சேர்ந்து உட்காரவைத்துப் பேசுவது தவறு. அங்கே மனம் திறந்து பேசிய பெண் வீட்டுக்குப் போய் அதற்கும் சேர்த்து வாங்குவார். இதைப் படிக்கும் யாருக்காவது அப்படி இருந்தால் பெண்கள் உதவி எண் 181க்கு அழையுங்கள். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உங்களுக்குத்தான் இருக்கிறது, "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

என்ன படித்தார், தம்பதிகளோடு வேலை செய்யத் தனியாகப் பயிற்சி எடுத்தாரா என்று தயங்காமல் கேளுங்கள். க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்க வேண்டும். உங்கள் ஊரில் ஆள் கிடைக்காவிட்டால் வீடியோ வழியாகவும் செய்யலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். அது அவசர நேரத்துக்கும் வழிகாட்டுவதற்கும் உதவும், ஆனால் தொடர்ச்சியான தம்பதி சிகிச்சைக்கு அது போதாது.


திருப்பூர்க்காரன் எழுதியது:

இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வைகைக்கரை அக்கா எழுதியதை மனைவியிடம் போனில் காட்டினேன். படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து சமையலறையிலிருந்து, "அந்த அக்காவுக்கு ஊர் மதுரையா?" என்று மட்டும் கேட்டாள்.

மேடம் சொன்ன நாடித்துடிப்பைச் சோதித்துப் பார்த்தேன். கையில் வாட்ச் இருக்கிறது, இதுவரை ஸ்டெப் எண்ணத்தான் பயன்பட்டது. வெள்ளிக்கிழமை பையனின் ஸ்கூல் வேன் பற்றிச் சின்னப் பேச்சு, சத்தம்கூட இல்லை. பார்த்தால் 112. பையர் ஆர்டரைக் கேன்சல் செய்கிறேன் என்று மிரட்டும்போதுகூட எனக்கு இவ்வளவு போகாது. இத்தனை வருடம் நான் அமைதியானவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சந்தேகம். அம்மாவிடம் கதவு சாத்துவது பற்றிச் சொன்னீர்கள். அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து மூன்று வருடமாகிறது, அவரை முழுக்கப் பார்ப்பது அம்மாதான். நான் சாயங்காலம் கீழே உட்கார்ந்து பேசும் அந்த அரை மணி நேரம்தான் அவருக்குப் பேச்சுத்துணை. அதையும் நிறுத்துவதா?


கேட்கும்காது எழுதியது:

நிறுத்தவே நிறுத்தாதீர்கள். அந்த அரை மணி நேரத்தில் அம்மாவின் கதையைக் கேளுங்கள். அப்பாவைத் தூக்கி உட்காரவைப்பதில் இடுப்பு வலிக்கிறதா, ராத்திரி தூங்குகிறாரா என்று கேளுங்கள். மாடி வீட்டுச் செய்திதான் கீழே இறங்க வேண்டாம் என்றேன், நீங்கள் இறங்கலாம். இந்த ஸ்ட்ரோக் விஷயத்தைக் கவுன்சலரிடம் முதல் நாளே சொல்லுங்கள். மூன்று வருடமாக அந்த வீட்டில் எல்லாருமே களைத்திருப்பீர்கள், உங்கள் மனைவியும்தான்.


பழையவழக்கு எழுதியது:

எனக்கு விவாகரத்தாகி நான்கு வருடம் ஆகிறது. குடும்ப நல நீதிமன்றத்திலும் கவுன்சலிங் என்று அனுப்புவார்கள், அதையும் இதையும் ஒன்றாக நினைத்துத்தான் நான் ஏமாந்தேன், அதனால் எழுதுகிறேன்.

1984ஆம் ஆண்டுக் குடும்ப நல நீதிமன்றச் சட்டப்படி, வழக்கு வந்தால் சமரசத்துக்கு முயற்சி செய்வது அந்த நீதிமன்றத்தின் கடமை. எங்களையும் அனுப்பினார்கள். வராண்டாவில் மரப் பெஞ்சில் இரண்டு வக்கீல்களும் இரண்டு குடும்பமும் எதிரெதிரே உட்கார்ந்திருக்க, உள்ளே போய் 20 நிமிடம் பேசினோம். அங்கிருந்த கவுன்சலர் அம்மா நல்லவர், பொறுமையாகத்தான் கேட்டார். ஆனால் அதற்குள் எங்கள் இருவருக்கும் அங்கே பேச மனுவில் எழுதியிருந்தது மட்டுமே மிச்சம் இருந்தது. சேருகிறீர்களா பிரிகிறீர்களா என்பதுதான் அங்கே கேள்வி. மனமொத்த பிரிவுக்கு ஆறு மாதக் காத்திருப்பு உண்டு, 2017இல் உச்ச நீதிமன்றம் தகுந்த வழக்குகளில் அதைத் தள்ளுபடி செய்யலாம் என்றது. எங்களுக்கு அந்த ஆறு மாதம் முழுவதும் கிடைத்தது, நாங்கள் ஒருநாள்கூடப் பேசிக்கொள்ளவில்லை.

நீதிமன்றத்துக்குப் போவதற்கு ஒரு வருடம் முன்னால் என் மனைவி கவுன்சலிங்குக்குக் கூப்பிட்டாள். "ஒருதடவை வாங்க, எனக்காக" என்றாள். வெளியாள் முன்னால் வீட்டு விஷயத்தைப் பேசுவதா என்று மறுத்தேன். அவள் தனியாகப் போனாள். தனியாகப் போனவள் தெளிவாக முடிவெடுத்துத் திரும்பினாள். அது அவளுக்கு நல்லதுதான், அவள் இப்போது நன்றாக இருக்கிறாள் என்று கேள்விப்படுகிறேன்.

வாழ்வதா பிரிவதா என்று ஒருவர் குழம்பியிருந்தால் அதற்கென்றே ஒரு குறுகிய முறை இருப்பதாகப் பின்னால்தான் படித்தேன். அமெரிக்காவில் வில்லியம் டோஹர்ட்டி உருவாக்கியது, அதிகம் போனால் ஐந்து அமர்வு. சேர்த்துவைப்பது அதன் வேலை இல்லை, முடிவெடுக்கும் முன் இந்தக் கல்யாணத்தில் என் பங்கு என்ன என்று ஒவ்வொருவரும் பார்ப்பது. உங்களுக்கு அது தேவைப்படாது. உங்கள் வீட்டில் இன்னும் கேள்வி கேட்கிறார்கள்.

போங்கள் நண்பரே. ஷிப்மெண்ட் இருக்கிறது, ஆடிட் இருக்கிறது என்று தள்ளிப்போடாதீர்கள்.


வைகைக்கரை எழுதியது:

பழையவழக்கு தம்பி, எழுதியதற்கு நன்றி. எங்கள் கவுன்சலர் சொன்ன ஒரு ஆய்வு நினைவுக்கு வருகிறது, இங்கே எழுதத் தோன்றியது. 2006இல் ஜேம்ஸ் கோன் என்பவர் கல்யாணமான 16 பெண்களை ஸ்கேனில் படுக்கவைத்து, லேசான மின்அதிர்ச்சி வரப்போகிறது என்று பயம்காட்டிப் பார்த்தார். கணவர் கையைப் பிடித்திருந்தபோது மூளையில் அந்த பயத்தின் வேகம் குறைந்ததாம். திருமணத்தில் நிறைவாக இருந்தவர்களுக்கு இன்னும் அதிகமாகக் குறைந்ததாம். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது என் வீட்டுக்காரர் பெரியார் பஸ் ஸ்டாண்ட் கூட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார். 16 வருடத்தில் முதல் தடவை.


திருப்பூர்க்காரன் எழுதியது:

ஒன்றரை மாதம் கழித்து எழுதுகிறேன். கேட்டவர்களுக்குச் சொல்ல வேண்டும் இல்லையா.

ஈரோட்டில் ஒருவரைக் கண்டுபிடித்தோம். பதிவு எண்ணை என் மனைவியே போனில் கேட்டுவிட்டாள். நான்கு தடவை போய் வந்திருக்கிறோம். முதலில் சேர்த்து, அப்புறம் தனித்தனியாக, நாலாவது தடவை மறுபடி சேர்த்து. யார் பக்கமும் பேசவில்லை. என்னிடம் அவர் கேட்டது, "சின்ன வயசில் உங்கள் வீட்டில் சத்தம் வந்தால் நீங்கள் எங்கே போவீர்கள்?" அப்பாவுக்குக் கோபம் வந்தால் தட்டு பறக்கும். நான் மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவேன். ஆறு வயதில், ஏழு வயதில். சொல்லும்போது மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது அவளுக்குத் தெரியாது. கட்டிலில் படுத்திருக்கும் அப்பாவைத்தான் அவளுக்குத் தெரியும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். போன வாரம்கூட ஒரு சண்டை. தீபாவளிக்குக் கரூரா திருப்பூரா என்று. அன்றைக்கு நான் நேரம் சொல்லாமல் எழுந்துவிட்டேன், பழக்கதோஷம். மாடிப்படி பாதி ஏறிய பிறகுதான் நினைவு வந்தது. அங்கேயே நின்று, "ஒன்பதே முக்காலுக்கு வந்தர்றேன்" என்று சத்தமாகச் சொன்னேன். கீழ் வீட்டில் அம்மாவுக்கும் கேட்டிருக்கும்.

ஒன்பதே முக்காலுக்கு இறங்கி வந்தேன். பையன் தூங்கியிருந்தான். அவள் சுவரில் இருந்த கடிகாரத்துக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். நான்தான் பேச்சை எடுக்க வேண்டும் என்று தெரியும். எனக்கு வேறு ஒன்றும் வரவில்லை, "அன்னைக்கு அம்மாகிட்ட நான் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். ஜூன் மாதத்துக் கேள்விக்கு. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இன்னும் ஏதாவது இருக்குதுங்களா மாமா?" என்று கேட்டாள்.